நீளம், மீட்டரில்

டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டர்
தேய்ந்து அழிந்துவிட்டது.
அதனால் பத்தில் பிடித்து அளந்து
கடைசியில் பத்தைக் கழிப்போம்.
பதினேழாவது மீட்டரில் ஒரு ஒட்டு.
மற்றபடி நல்ல டேப்.

காசிமேட்டுக்கு வடக்கே
பாறாங்கல் கொட்டிய கரையை அளக்க
என்னையும் குணாளனையும் அனுப்பியிருந்தார்கள்.
படிவத்தில் ஒரே கேள்வி: கரையின் நீளம்.
ஒரே கட்டம். ஆறு இலக்கம் கொள்ளும்.

நேராக இழுத்துப் பிடித்தபோது
நானூற்றுப் பன்னிரண்டு.
"கல்லுக்குக் கல் வளைஞ்சு போவுது சார்,
நாமதான் நேரா போறோம்" என்றான் குணாளன்.
சரியென்று ஒவ்வொரு கல்லையும் ஒட்டி அளந்தோம்.
அறுநூற்றைத் தாண்டியது.
டீ குடித்துவிட்டு வந்து
ஒரு கல்லின் வெடிப்புக்குள் நூல் விட்டுப் பார்த்தேன்.
அந்தக் கல் மட்டுமே ஒன்பது மீட்டர் சொன்னது.
வெடிப்புக்குள் சிப்பி.
சிப்பியின் விளிம்பில் பல்.
பல்லின் ஓரத்தில் என் கண் நின்றுவிட்டது,
கரை நிற்கவில்லை.

கடலைப் பார்த்தால் முடிவில்லாதது
ஞாபகம் வருமாம்.
எனக்கு வந்ததில்லை.
அந்தப் பக்கம் ஒரு துறைமுகம் இருக்கிறது,
கப்பல் போகிறது, சுங்கம் வாங்குகிறார்கள்.
இங்கே, என் செருப்புக்கும் நுரைக்கும் நடுவில்
குனியக் குனிய
இடம் விட்டுக்கொண்டே இருந்தது ஏதோ ஒன்று.
முதுகு வலித்ததால் நிமிர்ந்தேன்.

மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த அம்மாள்,
தேசம்மா என்று பிறகு தெரிந்தது,
"இன்னா, காலைலருந்து
ஒரே கல்லையே தடவிக்கினு கீறீங்க?" என்றார்.
அளக்க அளக்க வளருதும்மா, என்றேன்.
"வளருதா?
எங்களுக்குக் கொறஞ்சுக்கினேதான வருது."

இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் வீட்டுவரி ரசீது,
போன மாதத் தேதி.
கதவு எண் நாற்பத்து நாலின் கீழ் இரண்டு.
"வீடு எங்கம்மா?" என்றான் குணாளன்.
"வூடு போச்சு. நம்பர் கீதே."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தண்ணீருக்குள் இறங்கினார்.
முட்டி. தொடை.
காலால் துழாவி, "அடுப்பு இங்க."
இரண்டடி தள்ளி, "வாசப்படி."
ஓர் அலை அவரைத் தாண்டிப் போய்
கல்லில் மோதித் திரும்பிவந்து
மறுபடி அவரைத் தாண்டியது.
அடுப்பு நகரவில்லை.

டேப்பின் முனையை அவரிடம் நீட்டி
பத்தில் பிடிக்கச் சொன்னேன்.
வெள்ளை பெயின்ட் அடித்த கல்லிலிருந்து
பத்தைக் கழித்து
பதினோரு மீட்டர் நாற்பது.
மறுபடி இழுத்தோம். பதினொன்று நாற்பது.
குணாளன் இழுத்தான். பதினொன்று நாற்பது.
அன்றைக்குக் கிடைத்த எண்களில்
இது ஒன்றுதான் சொன்ன சொல்லில் நின்றது.
இதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

கட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
எண் இல்லாவிட்டால் கல் லாரி வராது.
லாரி வராவிட்டால்
நாற்பத்தைந்தாம் எண் வீட்டின் சமையலறையும்
தொடையளவுத் தண்ணீரில்.
முடியாத ஒன்றை ஓரிடத்தில் முடித்துவைத்து
கையெழுத்துப் போடத்தான் எனக்குச் சம்பளம்.
போட்டேன்.
மற்றதை உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.
"அடுத்த வாட்டி வாசப்படிலருந்து எடு,
அடுப்பு உள்ள கீது" என்றார் தேசம்மா,
சேலையைப் பிழிந்தபடி.

தேரடி மெட்ரோவில்
பையை ஸ்கேனரில் விட்டேன்.
திரையில் டேப் ஒரு கறுப்பு வட்டம்.
"உள்ள இன்னா சார் சுருட்டி வச்சிக்கீறீங்க?"
முப்பது மீட்டர், என்றேன்.
பத்து சென்டிமீட்டர் குறைவாக.
அவர் சிரிக்காமல் போகச் சொன்னார்.

வண்ணாரப்பேட்டை வருவதற்குள்
வியர்வையில் நாற்பது கலைந்திருந்தது.
பதினொன்று இருந்தது.
விரலை மடக்கிக்கொண்டேன்.