சிறந்த தடுப்பாட்டக்காரனுக்கு ஒரு டேபிள் ஃபேன்

இருபத்திரண்டு வருசமாய்
இந்த மைதானத்து மைக் என் கையில்.
சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, இரையுமன்துறை
எந்தக் கரைக்காரன் கோல் போட்டாலும்
வெளிக்கடலில் கிடக்கும் வள்ளத்துக்கும் கேட்கிற மாதிரி
அவன் பேரைக் கத்தியிருக்கிறேன்.
உன் பேரைச் சொன்னது
எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது கிளீட்டஸ்.

"பந்து வெளியே" என்பேன்.
வெளியே அனுப்பியது நீ.
"அருமையான வாய்ப்பு நழுவியது" என்பேன்.
அது என்ன, தானாகவா நழுவும்,
அயிலை மீனா?

தொண்ணூற்றெட்டு ஜூலை.
கடல் கலங்கி வள்ளமெல்லாம் கரையேறிக் கிடந்தன.
படிப்பகத்து டிவியில் பிரான்ஸ் கப்பைத் தூக்கிய ராத்திரி
கோல் போட்டவனைப் பார்த்து ஊரே துள்ளியது.
நீ மட்டும் திரையின் ஓரத்தில் விரல் வைத்தாய்:
"இவன் ஆருல? பந்தே இல்லாம ஓடுகான்?"
பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் மார்த்தாண்டம் சந்தையில்
ஒரு நீலப் பனியன் வாங்கினாய்.
வெள்ளைத் துணி வெட்டி
எட்டாம் நம்பர் தைத்துக் கொடுத்தாள் உன் அக்கா மரிய புஷ்பம்.
நாலு துவைப்பில் இடப்பக்கத் துணி கழன்று
எட்டு மூன்றானது.
பின்னால் நிற்பவனுக்கு மூன்றுதான் பொருத்தம் என்று
அப்படியே விட்டுவிட்டாய்.
அன்றைக்கு விழுந்த பேர்தான் பிரெஞ்சுக்காரன்.

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு டிபார்ட்மென்ட் டீம்,
தினக்கூலி, ஞாயிறு சம்பளமில்லை.
கொச்சியில் இரண்டு சீசன்.
கோவாவில் ஒன்றரை.
அந்த அரை, உன் வலது முட்டி.
பேப்பரில் உன் படம் வந்தது ஒரே தடவை:
யாரோ ஒருத்தன் கோல் போட்டுக் கைவிரித்துப் பறக்க
அவனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறாய்,
நெற்றிக்கு மேல் உன்னைக் காணவில்லை.
அதையும் லேமினேட் போட்டு வைத்திருக்கிறாள் மரிய புஷ்பம்.

ஒன்று சொல்ல வேண்டும்.
குளச்சல்காரர்களோடு அந்த செமி ஃபைனல்.
எண்பத்தொன்பதாம் நிமிடம்.
வலப்பக்கமிருந்து வந்த பந்து
உன் முழங்காலில் பட்டு
நம்ம வலைக்குள் போனது.
வாய் பழக்கம், யோசிக்கவில்லை,
"கோல்! கிளீட்டஸ்! கிளீட்டஸ்!" என்று
இரண்டு தடவை கத்திவிட்டேன்.
அப்புறம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.
நீயும் பார்த்தாய்.
கோபமில்லை.
வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து
ஐஸ் பெட்டியை இறக்குகிறவன் மாதிரி
நிதானமாய் நடுவட்டத்தில் வைத்தாய்.
நான் அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.
பார்க்கும்போதெல்லாம் டீ மட்டும் வாங்கித் தருகிறேன்.

இந்த வருசம் கமிட்டியில் சண்டை போட்டேன்.
அதிகக் கோல் போட்டவனுக்கு ஃபிரிட்ஜ்.
கோலிக்கு மிக்ஸி.
தடுப்பாட்டக்காரனுக்கு ஒன்றும் கிடையாது, எப்போதும் போல.
"அவன் என்னத்த செய்தான், எழுதிக் கொண்டா" என்றார் பொருளாளர்.
நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.
நடக்காத கோலுக்கு எங்கே கோடு போட?
கடைசியில் என் கைக்காசில்
ஒரு டேபிள் ஃபேன்.

நேற்று உன் கடைசி ஆட்டம்.
எழுபதாம் நிமிடம் பலகையில் உன் நம்பர் எரிய
நீ நொண்டிக்கொண்டு வெளியே வந்தாய்.
எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் வாசிக்க
மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.
தொண்டை அடைத்தது.
"மாற்று ஆட்டக்காரர் உள்ளே வருகிறார்" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

பரிசளிப்பு முடிந்து
ஃபேனைத் தோளில் தூக்கிக்கொண்டு
வடக்குக் கொடிக்கம்பம் வழியாய் நடந்தாய்.
ஒயர் அவிழ்ந்து மணலில் இழுபட்டது.
வள்ளவிளை ஸ்றீபன்,
பதினோரு வருசம் உன்னைத் தாண்டிப் போக முடியாத ஸ்றீபன்,
குனிந்து பிளக்கைக் கையில் எடுத்தான்.
உன்னை முந்தாமல்,
பிளக்கையும் விடாமல்,
கல்லறைத் தோட்டம் வரைக்கும்
பின்னாலேயே வந்தான்.

நான் மைக்கை ஆஃப் பண்ணவில்லை.
இரண்டு பேர் நடக்கிற சத்தத்தை
அது பிடிக்கவும் இல்லை.