வியாழன் இரவு, என் முறை

குதைபியாவில் சலவைக்கடைக்கு மேலே
ஓர் அறை, இரண்டு ஃபோன், வாடகை பாக்கி.

பதினொன்றரைக்கு அழைப்பு.
பேச்சில்லை.
பழைய விண்டோ ஏசியின் இரைச்சல் மட்டும்.
நானும் பேசவில்லை.
பயிற்சியில் என்னென்னவோ சொன்னார்கள்,
சவரியம்மாள் அக்கா ஒன்றுதான் சொன்னாள்:
நீயா கட் பண்ணாதே.

இருபது நிமிடம் போயிருக்கும்.
"மேடம், இருக்கீங்களா?"
இருக்கேன்.
"நாலு மாசமா சம்பளம் இல்ல.
பாஸ்போர்ட் அர்பாப் கையில.
வீட்டுக்குப் பேசினா
எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றேன்,
சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

படிவத்தில் பெயருக்கான கட்டம்.
'ஏசி' என்று எழுதினேன்.

உயிரைப் பற்றி நேராகவே கேட்டேன்.
நேற்று நினைத்தானாம். இன்று, தெரியவில்லை.
சாப்பிட்டீங்களா என்றேன்,
படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.
சிரித்தான். அழுதான்.
குப்பூஸ் இருக்கு, என்றான்.
சாப்பிடுங்க, லைன்லயே இருக்கேன்.

காய்ந்த ரொட்டியை ஒருவன் மெல்லும் சத்தத்தை
அவ்வளவு கவனமாய் நான் கேட்டதில்லை.

காலையில் டாக்டரிடம் கூட்டிப்போக
இத்ரீஸ் வருவார்,
அவருடைய வண்டி ஸ்டார்ட் ஆனால்.
ஆகாவிட்டால் டாக்ஸியில்.

விடியும்போது தம்பியின் மெசேஜ்:
எப்படி இருக்க?
நல்லாருக்கேன் என்று தட்டிவிட்டு
அனுப்பாமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.