இரண்டு வாங்கி ஒன்றரை

கெமியார்வி அறுவை ஆலை. எண்பத்து மூன்று, பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே இரும்புப் பெட்டியில்
இரண்டு செயலிகள், ஒரு நினைவகம்,
அதற்குப் போய்வர ஒரே ஒரு பாதை.

சங்கிலியில் மரங்கள் வரும்.
ஒளிக்கற்றை பருமனை அளக்கும்,
நினைவகத்தில் வரிசையாக எழுதிப் போகும்.
கை ஓய்ந்த செயலி வந்து
அடுத்த மரத்தை எடுத்துக்கொள்ளும்,
எந்தக் கதவு என்று தீர்மானிக்கும்,
வரிசையை ஒன்று நகர்த்தும்.
அவ்வளவுதான் வேலைப் பங்கீடு.
வரைபடத்தில் அழகாக இருந்தது.

ஒன்பது நாளுக்கு ஒருமுறை
ஒரே மரத்துக்கு இரண்டு கதவுகள் திறந்தன.
அடுத்த மரத்துக்கு ஒன்றுமே திறக்கவில்லை.
அது யாருடையதும் அல்லாமல்
சங்கிலியின் கடைசிவரை போய்
குழிக்குள் விழுந்தது: ஆறு மீட்டர் பைன்,
பட்டையில் பனி கலையாமல்.

மேஸ்திரி ஐமோ குழியைக் காட்டினார்.
ஏதும் சொல்லவில்லை. கையுறையை மட்டும்
கழற்றினார், மாட்டினார்.

பூட்டு என்று நாங்கள் சொன்னது ஓர் எண்.
பூஜ்யம் என்றால் உள்ளே வரலாம்,
ஒன்று என்றால் ஆள் இருக்கிறது.
பார், ஒன்றை வை, நுழை.
பார்ப்பதற்கும் வைப்பதற்கும் சேர்த்து
ஒரே கட்டளை போதும் என்று ஆர்வி சொன்னான்.
நானும் தலையாட்டினேன்.

ஊலுவிலிருந்து வாடகைக்கு ஒரு அலசுகருவி வந்தது.
பதினாறு பச்சைக் கோடுகள்.
தப்பு நடக்கும் கணத்தில் உறைந்து நிற்கும்படி
அதை அமைத்துவிட்டு
முறை வைத்து விழித்திருந்தோம்.

ஒன்பதாம் இரவு.
காவல் நோட்டில் பன்னிரண்டு மணிக் கட்டம் காலி.
பார்த்தேன், பேனா தேடப் போனேன்.
ஆர்வியும் பார்த்திருக்கிறான். காலி.
அவனும் பேனா தேடப் போயிருக்கிறான்.
ஒரே கட்டத்தில் இரண்டு பெயர்கள்
ஒன்றன்மேல் ஒன்றாக.
நான்கு மணிவரை இருவரும் விழித்திருந்து
கெட்டிக் காப்பியைக் காலி செய்து
இனி அடுத்தவர் பாடு என்று
இருவரும் தூங்கப் போனோம்.

நாலே முக்காலுக்கு மரம் விழுந்தது.

கருவி மட்டும் பார்த்திருந்தது.
காலையில் கோடுகளை விரலால் எண்ணினேன்.
கட்டளை ஒன்றுதான். பயணம் இரண்டு.
போய்ப் பார்த்துவருவது ஒன்று,
போய் வைத்துவருவது ஒன்று.
இடையில் பாதை காலி.
ஒரு மைக்ரோ வினாடிகூட இல்லை,
ஆனாலும் நொடிக்கு ஐம்பது லட்சம் முறை துடிப்பவனுக்கு
அது வண்டி நுழையும் வாசல்.
அங்கே நுழைந்திருந்தான் இன்னொருவன்.
அவன் கண்டதும் பூஜ்யம்தான்.
யாரும் பொய் சொல்லவில்லை.

ஆர்வி நோட்டை எடுத்துவந்து
அந்தப் பக்கத்தைத் திறந்து
திரைக்குப் பக்கத்தில் வைத்தான்.
சிரிப்பு வர நேரமாயிற்று.

மருந்து ஒரு பைட்.
கட்டளைக்கு முன்னால் நிற்கும்:
முடியும்வரை பாதையை விடாதே.
அதை நுழைத்ததில்
கீழிருந்தவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போயின.
சில்லுகளின் கண்ணாடிச் சன்னலை
ஊதாக் கதிரில் இருபது நிமிடம் காட்டி
எழுதியதெல்லாம் அழித்து, மறுபடி எழுதினோம்.

பத்தாம் நாள் வந்தது. இருபதாம் நாள்.
குழியில் புதுப் பனி மட்டும்.

ஐமோ பட்டியலோடு வந்தார்.
"இரண்டு வாங்கினோம்.
ஒன்றரை ஆள் வேலைதானே நடக்கிறது?"
ஆமாம் என்றேன்.
"மீதி அரை?"

திரையைக் காட்டினேன்.
ஒரு செயலி உள்ளே இருந்தது.
மற்றது வாசலில் நின்று
பூஜ்யமா, பூஜ்யமா, பூஜ்யமா என்று
கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சம்பளம் கேட்காதவரை சரி," என்று
கையுறையை மாட்டிக்கொண்டார்.