நாலு சட்டை

என் அலுமாரியைத் திறந்தால்
முதலில் தெரிவது அலுமாரிதான்.
பின்பலகையில் பல்லி ஒட்டிவிட்டுப் போன இரண்டு முட்டை,
மூலையில் தேய்ந்த அந்துருண்டை,
பிறகு நாலு சட்டை.
மூன்று சாம்பல், ஒன்று கருநீலம்.
மிச்சக் கொழுவிகள் காற்றுக்கு ஒன்றோடொன்று தட்டும்.

விடிய ஐந்தரைக்குக் கரண்ட் போனாலும்
இருட்டுக்குள் கைவிட்டு எடுப்பேன்.
எது வந்தாலும் சரி.
அப்படி மிஞ்சுகிற ஏழெட்டு நிமிடத்தில்
தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடிக்கிறேன்.
மாவாலைக்கு வந்த கப்பல் ஊதுவதை
முழுதாகக் கேட்கிறேன்.

"தோய்ச்சுத்தான் போடுறீங்களா மிஸ்?"
கந்தோரில் ஜெசீமா கேட்டாள்.
தோளை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
வெயிலும் சவர்க்காரமும்.
சிரித்தாள்; ஆனாலும் மனசு கேட்காமல்
தீபாவளிக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தாள்.
கிளிப்பச்சை. நெஞ்சு முழுக்கக் கண்ணாடி வட்டம்.
அலுமாரிக்கு மேலே பெட்டியோடு வைத்தேன்.

சம்பளம் எங்கே போகுது என்று
மச்சாள் கணக்குப் பார்க்கிறாள்.
இல்லாததால்தான் என்று பக்கத்து வீடு.
இல்லாமை எனக்குத் தெரியும்.
பதின்மூன்று வயதில், கடல் வந்துபோன மூன்றாம் நாள்
பள்ளிக்கூட மண்டபத்தில் லொறி கொட்டிய உடுப்பு
ஜன்னல் உயரத்துக்குக் கிடந்தது.
கையை விட்டேன், வெல்வெட் கோட்டு வந்தது.
திரும்ப விட்டேன், பனிநாட்டுக் கம்பளிச் சட்டை.
பிறகு யாரோ ஒருத்தியின் விருந்துக் கவுன்,
கழுத்தடியில் அவள் பூசிய வாசம் இன்னும் போகாமல்.
பதினொரு நாள் அதோடுதான்
தண்ணி வரிசையில் நின்றேன்,
ஜிகினா உதிர உதிர.
அத்தனை உடுப்பு அந்த மண்டபத்தில்.
என்னுடையது என்று
ஒரு பொத்தான் இல்லை.

போன ஆனியில் கச்சான் காற்று
கொடியிலிருந்து ஒரு சாம்பலைக் கொண்டுபோயிற்று.
தேடிப் போனால்
மைதானத்து மான் ஒன்று
இடது கையை மென்றுகொண்டு நிற்கிறது.
அவசரமே இல்லை அதற்கு.
என்னைப் பார்த்தது, மென்றது,
மறுபடி பார்த்தது.
ஊரில் எத்தனை மான், எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளிச் சட்டை,
அதற்கு ஏன் என்னுடையது?

மற்ற இரண்டும் வாளிக்குள்.
கருநீலம் முதல்நாள் மீன்குழம்பு குடித்திருந்தது.
பெட்டியை இறக்கினேன்.

அன்றைக்குக் கந்தோர் முழுக்க நல்வார்த்தை.
காவலாளிகூட எழுந்து நின்றார்.
மின்விசிறி சுற்ற, என் நெஞ்சிலிருந்து தெறித்த வெளிச்சம்
சுவரெல்லாம் மீன்குஞ்சாய் ஓடிற்று.
நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முத்திரையைத் தலைகீழாய்க் குத்தினேன்.

பதினொரு மணிக்குச் சல்லியிலிருந்து கனகரெத்தினம்,
படகு அனுமதிக் கோப்போடு.
கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.
"சாம்பல் சட்டைப் பிள்ளை இண்டைக்கு லீவோ?"
"நான்தான் ஐயா."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
"இல்ல மகள், அவ வரட்டும்.
அவவுக்குத்தான் என்ட கேஸ் தெரியும்."

பின்னேரம் மத்திய வீதியில்
இரண்டரை மீற்றர் வாங்கினேன்.
தையல்கார நவ்பர் துணியை விரித்துப் பார்த்துப்
பெருமூச்சு விட்டார்.
"கரையில ஒரு பூவாவது?"
"வேணாம்."
"பொக்கற்?"
"ரெண்டு. திறப்பும் போனும் சில்லறையும்
கையோட மூழ்கிற மாதிரி."
அளவு எடுக்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

மறுநாள் கனகரெத்தினம் வந்தார்.
நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோப்பை நீட்டினார்.
"வந்திட்டீங்களா.
நேத்து ஒருத்தி இருந்தா,
மினுங்கிக்கொண்டு."

ஓம் ஐயா, என்றேன்
முத்திரையை நேராகப் பிடித்து.
அவ தற்காலிகம்.