எர்ணாவூரில் ஆவாரை

முதல் கன்று செங்குன்றத்திலிருந்து வந்தது,
இரண்டு பஸ் மாறி, என் மடியில்.
ஆணிவேர் அறுந்திருந்தது எனக்குத் தெரியாது.
மாலையில் மடங்கிய இலைகள்
காலையில் விரியவில்லை.

இரண்டாவது தண்ணீரால் செத்தது.
மெட்ரோ லாரி வராத வாரம்
போர் தண்ணீர் ஊற்றினேன்,
காய்ந்தால் வாளியில் வெள்ளைப் பூக்குமே, அதை.
“ஊத்தாம வுட்டிருந்தாலே பொழச்சிருக்கும்”
என்றாள் கீழ்வீட்டு டில்லிராணி
நெத்திலியைத் திருப்பிப் போட்டபடி.

மூன்றாவது, விதை.
படிக்கட்டுச் சிமெண்டில் தோல் தேயத் தேய்த்து
ஓரிரவு ஊறவைத்தேன்.
குழி தோண்டினால்
செங்கல் சில்லு, ஷாம்பு பாக்கெட்,
யாரோ புதைத்துவைத்த சைக்கிள் செயின்.
ஒரு முழம் தாண்டித்தான் மணல்,
கிளிஞ்சலோடு.

முளைத்தது.
இரண்டாம் வருஷம் இடுப்பளவு.
கிழக்கே உப்புக் காற்று,
வடக்கே அனல்மின் சாம்பல்.
ஷிப்டுக்குக் கிளம்பும்முன்
ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பேன்.
“பவுடர் போட்டு வுடுக்கா”
என்று சிரித்த டிரெய்லர் யோவான்தான்
வண்டி பின்னால் எடுக்கும்போது இடிக்காமலிருக்க
பிறகொரு நாள்
செடிமுன் இரண்டு கல் நட்டான்.

மார்கழியில் மொட்டு.
இந்த வருஷம் காப்புக் கட்ட
கடைப் பூ வேண்டாம் என்று
டில்லிராணியிடம் சொல்லியும் விட்டேன்.
போகிக்கு நாலு நாள் இருக்க, புழு.
பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு.
இலையைத் தின்றது. மொட்டைத் தின்றது.
நூற்றெண்பது ரூபாய்க்கு மருந்து வாங்கினேன்,
மூடியைத் திறக்கவில்லை.
கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்,
நைட் ஷிப்ட், அலுப்பு.

காப்புக்குத் தண்டையார்பேட்டை மார்க்கெட் பூ,
கட்டு இருபது.
என் செடி
தலைகீழாய் நட்ட விளக்குமாறு மாதிரி நின்றது.
“பெருக்கவாச்சும் ஆவும்” என்றாள் அவள்.

பொங்கல் முடிந்த பிற்பாடு
கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர்
மீட்டர் பெட்டியைத் திறந்து
“இன்னாமா இது” என்று பின்வாங்கினார்.
பெட்டிக்குள் வரிசையாய்க் கூடுகள்.
பாதி காலி.
மீதியிலிருந்து ஒன்று, அவர் பார்க்கப் பார்க்க,
கசங்கிய ரசீதுபோல வெளியே வந்து
உதறிக்கொண்டு
நெத்திலிக்கு மேலே,
நிறுத்திவைத்த கண்டெய்னர்களுக்கு மேலே
வெளிறிய மஞ்சளாய்ப் போனது.
ரீடிங் எழுத மறந்துவிட்டார்.
மறுநாள்தான் வந்து எழுதினார்.

செடியின் அடித்தண்டை நகத்தால் கீறினேன்.
பச்சை.

மருந்து பாட்டில் ஜன்னலில் இருக்கிறது.
அதன்மேலும் சாம்பல் விழுகிறது.
அதை நான் துடைப்பதில்லை.