ஐந்தொகை

ஆறு லட்சம் ஆண்கள் நடந்தார்கள் என்கிறது வேதம்.
சீனாய் மணலைச் சலித்தவர்களுக்கு
ஒரு ஓட்டுச்சில்லும் அகப்படவில்லை.

தோற்ற கணக்கை எந்த ராஜா கல்லில் வெட்டுவான்?
மெர்னப்தாவின் கல்
அந்தச் சனத்தை ஒரே ஒருமுறை சொல்கிறது,
அதுவும் வித்தற்றுப் போனதாக.

கானாடுகாத்தானில்
உடைத்துத் திறந்த இரும்புப்பெட்டிக்குள்
ரங்கூன் கடைப் பேரேடு.
குண்டு விழுந்தது அதில் இல்லை.
அரக்கான் மலையும் காலராவும் இல்லை.
நாற்பத்திரண்டின் ஐந்தொகையில்,
வராக்கடனுக்குக் கீழே:
சமையல் சந்தியாகு, முன்பணம் ரூபாய் பதினொன்று.
ஆளுமில்லை, வாரிசுமில்லை. தள்ளியது.

பட்டியலிட வந்தவள் நான். தினக்கூலி அறுநூறு.
ஆறே விலகி வழிவிட்டதாம் தாத்தாவுக்கு,
அப்பா சொல்வார். நான் நம்பியதில்லை.

கூலிச்சீட்டில் முழுப்பெயர் கேட்கிறார்கள்.
சந்தியாகு மகன் சூசை மகள் செங்கோல்மேரி.

அடுத்த பேரேட்டில் கரையான் ஏறியிருக்கிறது.