நாற்றம் நின்றுவிட்டால்

மட்டக்குளி, சாயத் தொழிற்சாலை, கன்டீன் மண்டபம்.
மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பேசி
என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள்,
சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல.
வியாழக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள்.
அதற்குள் எல்லோரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

பயிற்றுநர் லக்‌ஷித நல்ல மனிதர்.
பிளேன்டி ஆறுவதை மறந்து
கழிவுத் தொட்டியின் படத்தைக் காட்டுகிறார்.
'வரையறுக்கப்பட்ட வெளி' என்கிறது
எனக்குத் தந்த கையேட்டின் தமிழ்.
வாசித்தேன். ஒரு முகமும் அசையவில்லை.
"மூச்சு முட்டுற கிடங்கு" என்றார்
கடைசி வாங்கிலிருந்து சந்தனம், வட்டவளைக்காரர்.
அதையே வைத்துக்கொண்டேன்.

அடுத்த படம் வாயு.
முதலில் கூழ்முட்டை நாறும்.
பிறகு நாறாது.
வாயு போய்விட்டதென்று நினைப்பீர்கள்.
போனது வாயு இல்லை, மூக்கு.
லக்‌ஷித முடிக்கவும் நான் தொடங்கவும் இடையில்
ஒரு மூச்சு நேரம்.
அதற்குள் என் மூக்கை ஒருமுறை
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த வரி.
உள்ளே ஒருவர் விழுந்தால்
வெளியே நிற்பவர் இறங்கக் கூடாது.
சிங்களத்தில் அது பதவிசாக இருந்தது.
கையேட்டில் 'தவிர்க்கப்படல் வேண்டும்.'
என் வாயில் வரும்போது வெறும்
"இறங்காதீங்க."

நஸ்மிலுக்கும் அவன் மச்சானுக்கும்
ஒரே ஷிப்ட், ஒரே மோட்டார் சைக்கிள்.
"இவன் உள்ளுக்கு உழுந்து கிடக்க
நான் மேல நிண்டு பாத்துக்கொண்டு ஈக்கிறதா?"
சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது.
கேள்வியை அந்தப் பக்கம் கொடுத்தேன்.
லக்‌ஷித கண்ணாடியைக் கழற்றினார்.
முன்பொரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம் என்றார்.
தொட்டி வாயில் மூன்று சோடிச் செருப்பு.
ஒரு சோடி வேலைக்கு இறங்கினவருடையது.
மற்ற இரண்டும் அவரைக் கூட்டிவரப் போனவர்களுடையவை.

மறுபடியும் சொன்னேன்,
"இறங்காதீங்க. கயிற்றை விடாதீங்க."
இரண்டாவது வசனம் கையேட்டில் இல்லை.

முற்றத்தில் ஒத்திகை.
முக்காலி, கப்பி, கயிறு,
மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஓர் உப்பு மூட்டை.
சந்தனம் சுழற்றச் சுழற்ற
மூட்டை ஆடி ஆடி மேலே வந்தது,
யாரோ அதன் கன்னத்தில் தட்டினார்கள்.
நாலு மணிக்கு லொறி வந்தது.
முக்காலியும் கப்பியும் கயிறும்
லக்‌ஷிதவின் நிறுவனத்துச் சாமான்.
ஏறிப் போயின.

"எங்கட தொட்டிக்கு?"
"ஓடர் போட்டிருக்கு" என்றார் மேற்பார்வையாளர்,
போனைப் பார்த்துக்கொண்டே.

வரவுத் தாள் சுற்றி வந்தது.
பெயர், இலக்கம், கையொப்பம்.
கையொப்பம் இடும் கட்டத்தில் சந்தனம்
நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினார்:
கயிறு இல்லை.
அடுத்து நஸ்மில். அப்புறம் அவன் மச்சான்.
பேனா யாரிடமும் தயங்கி நின்றதாகத் தெரியவில்லை.
குசும் அக்கா மட்டும்
பக்கத்தில் கேட்டு அர்த்தம் தெரிந்துகொண்டு
அதையே சிங்களத்தில் எழுதினார்.
இருபத்திமூன்று கட்டங்கள்.

வியாழன் அன்றும் என்னை அழைத்தார்கள்.
அதிகாரியின் விரல் தாளில் இறங்கி இறங்கி
குசும் அக்காவின் கட்டத்தில் நின்றது.
அதை வாசிக்க நான் தேவைப்படவில்லை.
"மற்றதெல்லாம் என்ன?"
முகாமையாளர் என்னைப் பார்த்தார்.
இன்னும் தராத காசு அந்தப் பார்வையில் இருந்தது.

"இதேதான்" என்றேன்.

கயிறு வந்ததா, எனக்கு இன்னும் தெரியாது.
என்னை அங்கே பிறகு கூப்பிடவில்லை.
அன்று பஸ் களனிக் கரையோரம் திரும்பியபோது
சாயமும் சேறும் கலந்து குப்பென்று நாறியது.
பக்கத்து சீட் பெண் ஷட்டரை இழுக்கப் போனாள்.
கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.
நன்றாக இழுத்து ஒரு மூச்சு விட்டேன்.
நாறியது.